ஒனோமிச்சில எங்க தங்குறது? துறைமுக ஊரோட பூட்டிக் ஹோட்டல், சாப்பாடு, கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் போறவங்க பெரும்பாலும் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா முடிச்சிட்டு ஹிரோஷிமாவுக்கு ஒரு நாள் ஓடிப்போய் வந்துடுறாங்க. அந்த வழியில இருக்கிற ஒனோமிச்சியப் பத்தி யாராவது சொன்னா "அது சைக்கிள் ஓட்றவங்க ஊருதானே"ன்னு கேப்பாங்க. சைக்கிள் ஊருதான், ஆனா நான் இங்க சொல்லப்போறது தங்குற இடங்களப் பத்தி, ஏன்னா இந்த ஊர்ல ஹோட்டல் தேர்ந்தெடுக்குறதுதான் பாதி ட்ரிப். திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு எல்லாம் ஒரே இடத்துல பதில் போட்டுடுறேன்.

ஒனோமிச்சி எங்க இருக்கு, ஏன் இந்த ஊரு?

ஹிரோஷிமா மாகாணத்தோட கிழக்குப் பக்கம், செட்டோ உள்நாட்டுக் கடல் ஓரமா. 1169-ல அதிகாரபூர்வமா துறைமுகம் ஆன ஊரு, உள்நாட்டுப் பண்ணைகள்ல இருந்து வரி நெல்லு வந்து இறங்கி இங்கிருந்து கப்பல் ஏறும். அப்புறம் எடோ காலத்துல (17-19ஆம் நூற்றாண்டு) வடக்குல ஹொக்கைடோவுல இருந்து ஜப்பான் கடல் சுத்தி வர்ற வணிகக் கப்பல்கள் கொம்பு கடற்பாசி, மீனு எல்லாம் கொண்டு வந்து இறக்கிட்டு உப்பு, பாய், பருத்தின்னு ஏத்திட்டுப் போகும். வியாபாரிங்க காசு சேந்ததும் மலைச்சரிவு பூரா கோயிலா கட்டிட்டாங்க. அதனால கடலுக்கும் மலைக்கும் நடுவுல ஒரு ஒல்லியான பட்டை நிலம், அதுல ரயில் தண்டவாளம், கடைத்தெரு, அதுக்கு மேல படிக்கட்டு படிக்கட்டா வீடுங்க, கோயிலுங்க. கார் போகாது. கார் போகாததால இளவட்டம் எல்லாம் இறங்கிப் போயிடுச்சு, வீடு காலியாச்சு. அந்தக் காலி வீடுகளும் காலி கோடவுனும்தான் இப்ப ஹோட்டலா, கஃபேவா, ஓவியர் தங்குற ஸ்டுடியோவா மாறியிருக்கு. இதை மனசுல வெச்சிக்கிட்டா மத்த கேள்விக்கெல்லாம் பதில் ஈஸியா புரியும்.

பூட்டிக் ஹோட்டல்னு சொன்னா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதானே, சுவத்துல நாலு படம், காலையில ஆர்கானிக் ஜாம். இங்க என்ன வித்தியாசம்?

நியாயமான சந்தேகம்தான், எனக்கும் அந்த ஜாம் பாட்டில் மேல பெரிய நம்பிக்கை கிடையாது. இங்க பாருங்க: ஒண்ணு துறைமுக கோடவுன், ஒண்ணு 1963-ல கட்டுன அபார்ட்மெண்ட், ஒண்ணு உப்பு வியாபாரி வீடு, ஒண்ணு கடைத்தெருவுல குறுகலா நீளமா போற பழைய கடைவீடு. கலைங்கிறது பெரும்பாலும் மாட்டி வெச்ச படமா இல்லாம அந்தக் கட்டடத்தோட தரையா, சுவரா, குளியல் அறை டைல்ஸா இருக்கு. சாப்பாடும் அப்படித்தான், எதிர்ல தெரியுற கடல்லயும் தீவுலயும் விளையுறதுதான் தட்டுல வருது. எல்லாத்தையும் சமமா புகழ மாட்டேன், கீழ ஒவ்வொண்ணா சொல்றேன்.

ஒனோமிச்சி யூ2 பத்தி எல்லாரும் சொல்றாங்க. அது ஹோட்டலா, மாலா?

ரெண்டும். ஸ்டேஷன்ல இறங்கி கடலோரமா மேற்கு பக்கம் அஞ்சு நிமிஷம் நடந்தா ஒரு நீளமான கான்கிரீட் கோடவுன் வரும். 1943-ல கட்டுன மாகாண அரசு சரக்குக் கிடங்கு, ரெண்டாம் நம்பர் கொட்டகை (ஜப்பானியத்துல உவாயா), அதான் யூ2-ங்கிற பேரு. ஹிரோஷிமாவுல ஆரம்பிச்ச சப்போஸ் டிசைன் ஆபீஸ் (மகோத்தோ தனிஜிரி, ஐ யோஷிதா) அதை உள்ளுக்குள்ள மட்டும் மாத்தி 2014-ல திறந்தாங்க. சுமார் 2,000 சதுர மீட்டர், ஒரே கூரைக்குள்ள ஹோட்டல் சைக்கிள், ரெஸ்டாரண்ட், பார், பேக்கரி, கஃபே, ஜயண்ட் சைக்கிள் கடை, உள்ளூர் பொருள் விக்கிற கடை எல்லாம்.

ஹோட்டல்ல 28 ரூம். சைக்கிளை ரூமுக்குள்ளயே தள்ளிட்டுப் போகலாம், சுவத்துல மாட்ட ஸ்டாண்டு வெச்சிருக்காங்க, ரிசப்ஷன்லயே சைக்கிளோட நின்னு செக்-இன் பண்ணலாம். கடல் பக்கம் இருக்கிற கஃபேல சைக்கிள்ல இருந்து இறங்காமலேயே ஜன்னல்ல காஃபி வாங்கலாம். உள்ள இரும்பு, மரம், சிமெண்ட் பூச்சு, வெளிச்சம் கம்மி, எதிர்க்கரையில கப்பல் கட்டுற பட்டறைங்க தெரியும், அந்த மூடுதான் உள்ளயும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரூம் ஜன்னல்ல இருந்து பெரிய கடல் வியூ எதிர்பாத்து போகாதீங்க, இது கோடவுன், கோடவுனுக்கு ஜன்னல் எதுக்கு? கடல் வேணும்னா வெளிய மரப்பலகை போட்ட நடைபாதை இருக்கு, காலையில பேக்கரில சூடா ஏதாவது வாங்கிட்டு அங்க உக்காருங்க, போதும்.

லாக் ஹோட்டலை இந்தியர் டிசைன் பண்ணாருன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதாங்க. ஸ்டுடியோ மும்பையோட பிஜோய் ஜெயின். இந்தியாவுக்கு வெளிய அவங்க முடிச்ச முதல் கட்டடம்னு சொல்லப்படுறது இதுதான், 2018 டிசம்பர்ல திறந்தாங்க. லாக்னா லாண்டர்ன் ஒனோமிச்சி கார்டன், சென்கோஜி கோயிலுக்குப் போற மலைச்சரிவுல பாதில இருக்கு. அடிப்படையில அது 1963-ல கட்டுன மூணு மாடி கான்கிரீட் அபார்ட்மெண்ட். அந்தக் காலத்துல ஒனோமிச்சி மலையில கான்கிரீட் வீடுன்னா ஒரு பெருமை, புதுசா கல்யாணம் ஆனவங்க குடிவருவாங்க. அப்புறம் ஊரே காலியானப்போ அதுவும் காலியாச்சு. இடிக்காம அப்படியே வெச்சிக்கிட்டு சுவர், தரை, தோட்டம் எல்லாத்தையும் கைவேலையா திரும்பப் பண்ணிருக்காங்க.

மொத்தமே ஆறு ரூம்தான், எல்லாம் மூணாவது மாடி. ரூமுக்குள்ள நுழைஞ்சா தரை, சுவர், மேல் கூரை மூணுமே வாஷிங்கிற ஜப்பானியக் கைக்காகிதம், கியோட்டோ மாகாணத்துல அயாபேங்கிற ஊர்ல குரோத்தானி காகிதம் செய்யுற ஹதானோ வதாருவோட வேலை. காகிதத் தரைல நடக்குறதுன்னா கிழிஞ்சிடுமோன்னு முதல் பத்து நிமிஷம் பூனை மாதிரி நடப்பீங்க, அப்புறம்தான் தெரியும் அது கெட்டியான பொருள்னு, வெறும் காலுக்கு மரத்தை விட மெத்துன்னு, டைல்ஸ் மாதிரி குளிராம இருக்கும். வெளிச்சம் எந்த மூலையிலயும் கூர்மையா விழாது, காகிதம் உறிஞ்சிக்குது. சாயங்காலம் விளக்கு போடாம ஒரு அரை மணி நேரம் சும்மா உக்காந்து பாருங்க, இவ்வளவு காசு எதுக்கு வாங்குறாங்கன்னு அப்பதான் புரியும்.

கீழ் மாடிகள்ல டைனிங், கஃபே-பார், கடை, கூடவே ஒரு சின்ன கேலரி. அந்த கேலரியை விட்டுடாதீங்க, கட்டும்போது செஞ்சு பாத்த மாதிரிகள், நிறச் சாம்பிள்கள் எல்லாம் வெச்சிருக்காங்க. ஒரு சுவத்துக்கு ஒரு நிறம் முடிவு பண்ண எத்தனை தடவை பூசிப் பாத்திருக்காங்கன்னு அங்க தெரியும். அங்க தங்காதவங்களும் கஃபேக்குப் போகலாம், அதனால ரூம் கிடைக்கலன்னா, இல்ல பட்ஜெட் இடிச்சா, ஒரு மத்தியானம் போய் காஃபி குடிச்சிட்டு வந்துடலாம்.

லாக் வரைக்கும் டாக்ஸி போகுமா? வயசான அப்பா அம்மாவோட போறோம்.

போகாது. கல் படிக்கட்டு, நூறு படி கிட்ட வரும். முட்டி வலி இருக்கிறவங்கள கூட்டிட்டுப் போனா யூ2-ல தங்குங்க, எல்லாம் சமதளம், ஸ்டேஷனும் பக்கம். மலை மேல கோயில் பாக்கணும்னா ரோப்வே இருக்கு, அதுல ஏறி இறங்கும்போது நடந்து வரலாம், இல்ல அதுலயே திரும்பலாம். பெரிய சூட்கேஸோட படி ஏறணும்னு நினைச்சு பயப்படாதீங்க, ஜப்பான்ல தக்கியூபின் சர்வீஸ்ல முன்னாடி ஹோட்டல்ல இருந்தே பெட்டியை அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிடலாம், பெரும்பாலும் மறுநாள் வந்துடும். முதுகுல ஒரு சின்ன பேக் மட்டும் போதும்.

அவ்வளவு பட்ஜெட் இல்ல. பேக்பேக்கருக்கு ஏதாவது இருக்கா?

சொல்லப்போனா இந்த ஊரோட உண்மையான கதை அங்கதான் இருக்கு. 2007-ல இருந்து காலி வீடுகளை மீட்குற ஒரு தொண்டு அமைப்பு இங்க வேலை செய்யுது, ஒனோமிச்சி அகியா சைசேய் ப்ராஜெக்ட்னு பேரு. வீடு வேணும்கிறவங்களுக்கும் காலியா போட்டு வெச்சிருக்கிறவங்களுக்கும் நடுவுல இணைப்பு பண்ணுவாங்க, கூடவே தச்சு வேலை, பூச்சு வேலை கத்துக்குடுப்பாங்க, படிக்கட்டுல பழைய சாமானை மனுஷங்க வரிசையா நின்னு கைமாத்தி இறக்குவாங்க (வண்டி வராதே). அவங்க நடத்துற கெஸ்ட்ஹவுஸ் ரெண்டு.

அனாகோ நோ நெதோகோ, 2012-ல ஆரம்பிச்சது, கடைத்தெருவுக்குள்ளயே. முன்பக்கம் பழைய பள்ளிக்கூட சாமான்லாம் போட்ட கஃபே, அதைத் தாண்டி ஒரு நீளமான சந்து மாதிரி உள்ள போயிட்டே இருக்கும், கடைசில டார்மெட்டரி. மிஹராஷி-தெய், 1921-ல ஒருத்தர் காத்து வாங்க கட்டுன மலை வீடு, சென்கோஜிக்குக் கொஞ்சம் கீழ, 2016-ல கெஸ்ட்ஹவுஸா திறந்தாங்க. டார்ம் படுக்கை சில ஆயிரம் யென்தான். வியூ மட்டும் கணக்குப் பண்ணா மிஹராஷி-தெய் வராண்டாவுக்கு எந்த ஹோட்டலும் ஈடில்ல, என் அபிப்பிராயம். ஆனா சுவர் மெல்லிசு, குளிர்காலத்துல நல்லா குளிரும், பாத்ரூம் பொது. எல்லாம் தெரிஞ்சுதான் போகணும்.

மலையில காலி வீடுகள்ல வெளியூர் ஓவியர்கள் வந்து தங்கி வேலை செய்யுற ஏஐஆர் ஒனோமிச்சின்னு ஒரு திட்டமும் நடக்குது. அதனால சந்துல நடக்கும்போது ஒரு பாழடைஞ்ச வீட்டு வாசல்ல ஏதாவது கண்காட்சி போர்டு தொங்குனா தயங்காம எட்டிப் பாருங்க.

அசுமி செத்தோடா ஒனோமிச்சிலதான் இருக்கா? மேப்ல தீவு காட்டுதே.

நிர்வாகப்படி ஒனோமிச்சி நகரம்தான், செத்தோடா 2006-ல இதோட சேந்தது. ஆனா இடம் இக்குச்சி தீவு. ஒனோமிச்சி துறைமுகத்துல இருந்து படகுல நாப்பது நிமிஷம் மாதிரி.

அசுமி 2021-ல திறந்தது. அமான் ஹோட்டல் குழுமத்தை ஆரம்பிச்ச ஏட்ரியன் ஜெக்கா இருக்காரே, அவர் ரியோக்கான்ல (ஜப்பானிய மரபு விடுதி) கை வெச்ச முதல் இடம். ஹொரியுச்சின்னு ஒரு குடும்பம், உப்பளமும் கப்பல் வியாபாரமும் பண்ணி பணக்காரங்க ஆனவங்க, 1876-ல கட்டுன அவங்க வீடுதான் இது. பழைய வீட்டோட மரச்சட்டம், தோட்டம் எல்லாம் நிக்குது, கியோட்டோவுல மரபுக் கட்டடம் பண்ற ஷிரோ மியூரா டிசைன். 22 ரூம், சைப்ரஸ் வாசனையோட குளியல் தொட்டி. விலை? இந்தப் பக்கத்துல சொன்ன நிலத்து ஹோட்டல்கள்ல இதுதான் டாப்பு. பிறந்தநாள், கல்யாண நாள்னு ஏதாவது காரணம் கண்டுபிடிச்சிக்கிட்டுப் போங்க.

அவ்வளவு முடியாதுன்னா தெருவுக்கு எதிர்ல யுபுனே இருக்கு. அது பொதுக் குளியல் இல்லம், மேல தங்குற ரூமும் உண்டு. குளியல் அறைச் சுவர் பூரா மியாகே மாய்ங்கிற கலைஞர் செட்டோ கடலை டைல்ஸ்ல வரைஞ்சிருக்காங்க, வெந்நீர்ல கழுத்து வரைக்கும் உக்காந்துக்கிட்டு பாக்குற மாதிரியான ஓவியம், மியூசியத்துல இந்த வசதி கிடையாது பாருங்க. தங்காதவங்களும் காசு குடுத்து குளிக்கலாம். படகு இறங்குற இடத்துல சாயில் செத்தோடான்னு இன்னொண்ணு, அதுவும் 2021, கீழ ரெஸ்டாரண்டும் காஃபி வறுக்குற கடையும், சின்ன வயசுக்காரங்களுக்குப் பிடிக்கும்.

பொதுக் குளியல்னா துணி இல்லாமலா?

ஆமா. ஆண், பெண் தனித்தனி. முதல்ல உக்காந்து சோப்பு போட்டு நல்லா குளிச்சிட்டு அப்புறம்தான் தொட்டிக்குள்ள இறங்கணும், சின்ன துண்டை தண்ணில முக்கக்கூடாது. அஞ்சு நிமிஷத்துல கூச்சம் போயிடும், யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க. முடியவே முடியாதுன்னா ரூம்லயே பாத்ரூம் இருக்கிற ஹோட்டலா புக் பண்ணுங்க, தப்பே இல்ல.

சாப்பாடு என்ன ஸ்பெஷல்?

இதுக்குத்தான் நீளமா எழுதணும்.

முதல்ல ஒனோமிச்சி ராமென். சோயா சாஸ் சூப்பு, அதுல சின்ன மீன் போட்ட சாறு, தட்டையான நூடுல்ஸ், மேல பன்றி முதுகுக் கொழுப்பு சின்னச் சின்னக் கட்டியா மிதக்கும். பாக்க கனமா தெரியும், ஆனா மீன் சாறு அதை இழுத்துப் பிடிச்சி வெச்சிருக்கும். மத்தியானம் கடை வாசல்ல வரிசை நிக்கும், பதினோரு மணிக்கே போயிடுங்க.

ஒனோமிச்சி-யாகி, அதாவது இந்த ஊரு ஒக்கோனோமியாகி (முட்டைகோஸ் போட்ட அடை மாதிரி). ஹிரோஷிமா ஸ்டைல்தான், ஆனா உள்ள கோழி இரைப்பையும் கணவா வறுவல் நொறுக்குத்தீனியும் போடுவாங்க. மொறுமொறுன்னு ஏதோ கடிபடும், அதான்.

குளிர்காலத்துல போனா தெபெரா பாருங்க. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான ஒரு மீனு, கயித்துல கோத்து கடலோரமா வரிசையா காயப்போட்டிருப்பாங்க, வெயில் பட்டா எலும்பு நிழல் அப்படியே தெரியும், அவ்வளவு மெல்லிசு. காஞ்சதும் பலகை மாதிரி ஆயிடும். அதை மரச் சுத்தியலால தட்டி, எலும்பை உடைச்சி, அப்புறம் லேசா சுட்டு தலையோட கடிச்சிச் சாப்பிடுவாங்க. பார்ல சாகே (அரிசி மது) கேட்டா சில சமயம் கூடவே வரும். கடைத்தெரு சுத்தி தள்ளுவண்டில மீன் விக்கிற அம்மாக்கள் முன்ன நிறைய பேர் இருந்தாங்க, பான்-யோரின்னு அந்த வியாபாரத்துக்குப் பேரு. இப்ப ரொம்பக் குறைஞ்சிட்டாங்க, ஆனா காலையில சுத்துனா இன்னும் பாக்கலாம்.

அப்புறம் எலுமிச்சை. ஜப்பான்ல அதிகமா எலுமிச்சை விளையுற மாகாணம் ஹிரோஷிமா, அதுல செத்தோடா பெரிய பேரு. மருந்து கம்மியா அடிச்சி வளக்குறதால தோலோட சாப்பிடுறாங்க, அதனால ஹோட்டல் சமையல்ல தோல்தான் நிறைய வரும்: மீன் மேல சீவல், கேக்குல, வெண்ணெய்ல, காக்டெய்ல்ல. பக்கத்துத் தீவு இன்னோஷிமா ஹஸ்ஸாக்கு ஆரஞ்சுக்குப் பிறந்த வீடு, லேசான கசப்பு. அந்தச் சுளையை வெள்ளை பீன்ஸ் இனிப்போட வெச்சி மோச்சிங்கிற அரிசி மாவுல சுத்துன ஹஸ்ஸாக்கு தைஃபுக்கு கிடைச்சா விடாதீங்க. செத்தோடா பக்கம் ஆக்டோபஸ் போட்ட சோறு. ஒனோமிச்சில 1582-ல இருந்து வினிகர் காய்ச்சுற வீடு ஒண்ணு இருக்கு, பழைய துறைமுகம்ல, அரிசி வந்து குமிஞ்ச இடத்துல வினிகர் வராம எங்க வரும்.

எதிர்க்கரை முகாய்ஷிமா தீவுக்கு படகு சில நிமிஷம்தான். அங்க மலை மேல உஷியோ சாக்லாத்தில்னு ஒரு சாக்லேட் பட்டறை, 2014-ல ஆரம்பிச்சது. கொக்கோவும் சர்க்கரையும் மட்டும், அறுகோண வடிவம், ஒவ்வொரு உறைக்கும் ஒவ்வொரு ஓவியர் வரைஞ்சது. பரிசு வாங்கணும்னா ஏர்போர்ட் கடையை விட இது எவ்வளவோ மேல்.

நாங்க சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனா கஷ்டம்தான், சும்மா இனிப்பா சொல்லி அனுப்ப மாட்டேன். பிரச்சனை கறி இல்ல, தாஷிங்கிற அடிப்படைச் சாறு. சூப்பு, காய் வேக வெச்சது, முட்டைல கூட காய்ஞ்ச மீன் சாறு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, சமைக்கிறவங்களும் அதை 'மீன்'னு கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. "மாமிசம் வேண்டாம்"னு மட்டும் சொன்னா மீனோட வந்து நிக்கும். அதனால புக் பண்ணும்போதே எழுத்துல சொல்லுங்க: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், கத்சுவோ (சூரை மீன்), இரிக்கோ (காஞ்ச நெத்திலி) தாஷி வேண்டாம், கொம்பு தாஷி ஓகேன்னு. முட்டை, பால் சாப்பிடுவீங்களான்னும் சேத்து எழுதுங்க. சின்ன ஹோட்டல்ல இதுதான் ஒரு நல்ல விஷயம், கிச்சனும் சின்னது, முன்கூட்டி சொன்னா செய்ய முடியுமா முடியாதான்னு நேரா பதில் வரும். அன்னைக்கு சாயங்காலம் போய் சொன்னா ஒண்ணும் நடக்காது.

மத்தியானத்துக்கு பேக்கரி, கஃபே, பழம், கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல வெறும் உப்பு போட்டதோ ப்ளம் ஊறுகாய் வெச்சதோ சோத்து உருண்டைன்னு ஓட்டிடலாம். ராமென் மட்டும் மறந்துடுங்க. ஹலால் பாக்குறவங்களுக்கு இன்னும் சிரமம், பன்றிக் கொழுப்பு இந்த ஊரு அடையாளமே. கடல் உணவு பக்கம் போயிடுங்க, சமையல்ல மிரின், சாகேன்னு மது சேப்பாங்கங்கிறதையும் கேட்டுக்கோங்க.

டின்னர் ஹோட்டல்லயே எடுத்துக்கணுமா, வெளிய சாப்பிடலாமா?

யூ2, கெஸ்ட்ஹவுஸ் ரெண்டுலயும் வெளிய சாப்பிடுங்க, கடைத்தெரு பக்கத்துலயே இருக்கு. லாக்கும் அசுமியும் வேற கேஸு, அங்க டின்னர்தான் பாதி அனுபவம், அதையும் முன்னாடியே புக் பண்ணணும். இன்னொண்ணு, இது பெரிய நகரம் கிடையாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல நிறைய கடை சாத்திடும், செத்தோடால அதுக்கும் முன்னாடியே. ஒன்பது மணிக்குப் பசியெடுத்து தெருவுல நின்னா பூனைங்கதான் இருக்கும்.

ஹோட்டலைத் தாண்டி கலை எதுவும் பாக்கணுமா?

ஒனோமிச்சி நகராட்சி கலை அருங்காட்சியகம், மலை மேல பூங்காவுல. 2003-ல கட்டடக் கலைஞர் தடாவோ அந்தோ பழைய கட்டடத்தோட கண்ணாடி, கான்கிரீட் சேத்துப் புதுப்பிச்சார். உள்ள இருக்கிற ஓவியத்தை விட வாசல்ல நுழையப் பாக்குற பூனையும் அதைப் பணிவா தடுக்குற காவலாளியும்தான் உலகப் புகழ், 2017 வாக்குல ட்விட்டர்ல ஓடுச்சு. போற வழில பூனைச் சந்துன்னு ஒரு குறுகல் பாதை, ஷுன்ஜி சோனோயாமாங்கிற ஓவியர் உருண்டைக் கல்லுல பூனை முகம் வரைஞ்சி 1998-ல இருந்து அங்கங்க வெச்சிருக்கார். கூட்டமா போனா எரிச்சல் வரும், காலையில போங்க.

ஆனா கலைக்குன்னு போனா என் ஓட்டு செத்தோடாவுக்குத்தான். இக்குவோ ஹிரயாமா அங்க பிறந்தவர் (1930), பதினஞ்சு வயசுல ஹிரோஷிமாவுல அணுகுண்டுல மாட்டிப் பிழைச்சவர், பின்னாடி வாழ்நாள் பூரா புத்த மதம் வந்த வழி, பட்டுப்பாதை, இந்தியான்னு தேடிப்போய் வரைஞ்சார். அவர் பேர்ல அருங்காட்சியகம் 1997-ல இருந்து இருக்கு. படத்துல பாலைவனத்தைப் பாத்துட்டு வெளிய வந்தா எதிர்ல கடல். அதுக்குப் பக்கத்துல கோசான்ஜி கோயில், ஒரு தொழிலதிபர் தன் அம்மா நினைவா 1936-ல ஆரம்பிச்சி கட்டுனது, கலர் கலரா கொஞ்சம் ஓவராத்தான் இருக்கும், ஆனா அதுக்குப் பின்னாடி குன்று மேல இத்தாலி கராரா பளிங்கு 3,000 டன் கொண்டு வந்து கசுத்தோ குவேத்தானி செதுக்குன வெள்ளைத் தோட்டம் இருக்கு. வெயில் நாள்ல கூலிங் கிளாஸ் இல்லாம போனா கண்ணைத் திறக்க முடியாது. தீவு பூரா கடலோரத்துல 17 வெளிப்புறச் சிற்பம் வேற, சைக்கிள் எடுத்தா ஒவ்வொண்ணா தேடலாம்.

நவோஷிமா, செட்டோஉச்சி ட்ரியென்னாலே எல்லாம் இங்கதானா?

இல்ல. அதே கடல்தான், ஆனா கிழக்குப் பக்கம், ககாவா, ஒகயாமா மாகாணத் தீவுகள். ட்ரியென்னாலேங்கிறது அங்க மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குற கலைத் திருவிழா, 2010-ல ஆரம்பிச்சது, 2025-ல நடந்துச்சு. ரெண்டையும் ஒரே ட்ரிப்ல சேக்கலாம், ஆனா ஒரே நாள்ல ஆகாது.

சைக்கிள் ஓட்டத் தெரியாது / ஓட்டப் பிடிக்காது. போலாமா?

தாராளமா. ஷிமனாமி கைடோங்கிறது ஒனோமிச்சில இருந்து ஷிக்கோக்கு இமாபாரி வரைக்கும் தீவு தீவா பாலம் போட்ட சுமார் 70 கிலோமீட்டர் பாதை, 1999-ல முழுசா இணைஞ்சது, ரோட்டுல நீலக் கோடு போட்டிருக்கும். முழுசா ஓட்டணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. செத்தோடாவுக்கு படகுல போயிட்டு, அங்க மட்டும் வாடகை சைக்கிள் எடுத்து கடலோரமா ஓட்டுங்க, மேடு கிடையாது. இல்லன்னா நடங்க. படகுத்துறைல இருந்து கோசான்ஜி வரைக்கும் பழைய கடைத்தெரு அறுநூறு மீட்டர்தான், நடுவுல கறிக்கடைல சூடா க்ரோக்கெட் (கட்லெட் மாதிரி) விப்பாங்க.

கன்ட்சூன்னு (guntû) ஒரு மிதக்கும் ஹோட்டல் இருக்காமே?

இருக்கு, 2017-ல இருந்து. ஒனோமிச்சி பக்கத்துல பெல்லா விஸ்டா மரீனால இருந்து கிளம்பி செட்டோ கடல்ல சுத்தும், இருபதுக்கும் கம்மி ரூம், யசுஷி ஹோரிபே டிசைன், உள்ள சூஷி கவுண்டர் வரைக்கும் உண்டு. விலையக் கேட்டா அசுமி மலிவா தெரியும். அதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல.

எந்த மாசம் நல்லது?

ஏப்ரல் ஆரம்பத்துல சென்கோஜி மலை பூரா செர்ரி பூ, அழகுதான், ரூம் கிடைக்குறதும் அதே அளவுக்குக் கஷ்டம். எனக்குப் பிடிச்சது டிசம்பர்ல இருந்து பிப்ரவரி. எலுமிச்சை மஞ்சளாகி மரத்துல தொங்கும், தெபெரா காயும், கூட்டம் இருக்காது, இந்தக் கடல் பக்கம் மழையும் கம்மி, பனியும் அபூர்வம். ஜூன் ஆரம்பத்துல இருந்து ஜூலை நடு வரைக்கும் மழைக்காலம். ஆகஸ்ட்ல படிக்கட்டு ஏறுறது தண்டனை.

எப்படிப் போறது?

ஷின்கான்சென்ல (புல்லட் ட்ரெயின்) ஃபுகுயாமா இறங்கி, லோக்கல் ட்ரெயின்ல ஒனோமிச்சிக்கு இருபது நிமிஷம். ஷின்-ஒனோமிச்சின்னு ஒரு ஷின்கான்சென் ஸ்டேஷன் இருக்கேன்னு அதுக்கு டிக்கெட் போடாதீங்க, வேகமான வண்டிங்க அங்க நிக்காது, ஊருக்குள்ள வர பஸ்ஸோ டாக்ஸியோ வேற பிடிக்கணும். ஷின்-ஒசாகால இருந்து ஃபுகுயாமா வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஹிரோஷிமா ஏர்போர்ட் கூட இந்தப் பக்கம்தான், மிஹாரால இருக்கு, ஹிரோஷிமா டவுனை விட இங்க வர்றது ஒண்ணும் தூரம் இல்ல.

எத்தனை ராத்திரி, எந்த வரிசையில?

குறைஞ்சது ரெண்டு ராத்திரி. ஒண்ணு ஒனோமிச்சில, ஒண்ணு செத்தோடால. முதல்ல ஊரு, அப்புறம் தீவு, ஏன்னா தீவுல இருந்து திரும்பி வந்ததும் படிக்கட்டு ஏற யாருக்கும் மனசு வராது. மூணு ராத்திரி இருந்தா ஒண்ணை மலைல போடுங்க, லாக்கோ மிஹராஷி-தெய்யோ, காசைப் பொறுத்து. செக்-இன் பெரும்பாலும் மத்தியானம் மூணு மணிக்கு மேலதான், அதுக்கு முன்னாடி போனா பையை வாங்கி வெச்சிப்பாங்க. கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு மட்டும் அன்னைக்குக் காலையிலயே துறைமுகத்துல பாத்துடுங்க, சீசனுக்கு சீசன் மாறும், தவறவிட்டா பாலம் வழியா டாக்ஸிதான், அந்தக் காசுக்கு இன்னொரு ராத்திரி கெஸ்ட்ஹவுஸ்ல தங்கிடலாம்.